இலட்சத்தீவில் ஒரு பகல்

தமிழகத்து ஊர்ப்பெயர்களுள் 'சமுத்திரம்' என முடிவன பல. அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம், இரவணசமுத்திரம், பாலசமுத்திரம், நமது மல்லசமுத்திரம் என அப்பட்டியல் நீளும். இவற்றுள் எதிலும் கடல் இல்லை. வானம் பார்த்த நிலத்தில் வாழ்ந்த நம் முன்னோர், நீர் நிறைந்து அலையெறியும் பேரேரியைக் கண்டபோது அதனைச் சமுத்திரம் என்றே அழைத்து மகிழ்ந்தனர். கடலைக் காணாதவனுக்கு ஏரியே கடல். சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த நம் மாணவருள் பலர் கல்லூரிக்கு வந்த பின்னரே முதன்முறையாகக் கடலைக் காண்கின்றனர் என்பது வியப்பன்று.

இலட்சத்தீவு நிருவாகத்தின் சுற்றுலாக் கழகம் கொச்சியிலிருந்து நடத்தி வந்துள்ள ஐந்து நாள் கப்பற்பயணத்திற்கும் 'சமுத்திரம்' என்பதே பெயர். இரவில் கப்பலில் உறக்கம். பகலில் தீவில் உலா. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்னும் மூன்று தீவுகளில் தீவுக்கொரு பகல். மாலையில் மீண்டும் கப்பல். இம்முறையைக் கேள்வியுறும் பெரியவர்கள், "ஒரே பகலில் ஓர் ஊரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?" என வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியும் வரலாறும்

அரபிக்கடலில், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடப்பவை இலட்சத்தீவுகள். பெயரில் இலட்சம் இருப்பினும் எண்ணிக்கையில் அவை நாற்பதைத் தாண்டா. மக்கள் நிலையாக வாழும் தீவுகள் பத்து. நிலப்பரப்பு அனைத்தையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர் அளவே. நம் பக்கத்துச் சில ஊராட்சிகளைச் சேர்த்தாலே அப்பரப்பு வந்துவிடும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 64,473 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் என்னும் இந்நெருக்கத்தை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் அதுவே அடிப்படை.

தமிழருக்கு இத்தீவுகளின் கடல் புதிதன்று. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில், கடலிலுள்ள பழந்தீவு பன்னீராயிரத்தை வென்ற செய்தியைப் பொறித்துள்ளான். இது இலட்சத்தீவுகளுக்குத் தெற்கேயுள்ள மாலத்தீவுகளைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர். அண்மைக் காலத்திலும் ஓர் உறவு உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தனி ஒன்றியப் பகுதியாக அமையும் வரை, இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவையாகவே இருந்தன. அமைந்த பின்னரும் 1964 வரை தலைமையிடம் கோழிக்கோட்டிலேயே இருந்து, அதன்பின் கவரத்திக்கு மாறியது. 'இலட்சத்தீவு' என்னும் இன்றைய பெயர் 1973இல் சூட்டப்பட்டது.

செல்லும் வழி எளிது. ஈரோட்டிலோ சங்ககிரியிலோ தொடருந்து ஏறிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சியை அடையலாம். கப்பல் புறப்படும் வெல்லிங்டன் தீவே நம் மாணவர் காணும் முதல் தீவாகும். துறைமுகம் அமைக்கக் காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி மனிதர் உண்டாக்கிய தீவு அது. தீவுகளுக்குள் நுழைய 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி அனுமதிச் சீட்டு பெறுதல் இன்றியமையாதது. பலர் இதனைத் தொல்லை எனக் கருதுவர். சிறிய நிலத்தில் நெருங்கி வாழும் மக்களைக் காக்கவே அவ்விதி பிறந்தது என அறியின் அவ்வெண்ணம் மாறும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. 700 பயணியர் ஏறத்தக்க 'கவரத்தி' என்னும் கப்பல் சுற்றுலாவுக்கென மட்டுமே மிதப்பதன்று. கேரளத்தில் பயிலும் தீவு மாணவரும், மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் நோயாளரும், மூட்டை முடிச்சுடன் வணிகரும் அதிலேயே ஏறுவர். நமக்கு அது உல்லாசக் கப்பல். தீவினருக்கு அது ஊர்ப் பேருந்து. பேருந்தில் முதியவருக்கு இடமளித்து எழும் பண்பு கப்பலிலும் நமக்கு வேண்டும்.

கரையிறங்கும் கலை

கொச்சியிலிருந்து பதினான்கு முதல் பதினெட்டு மணிநேரப் பயணத்திற்குப் பின், விடியலில் தீவு தெரியும். முதலில் தென்படுவது நிலமன்று. நீருக்குமேல் நிற்கும் தென்னந்தோப்பு. தீவு கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டரே உயர்ந்திருத்தலால் மண் கண்ணுக்குப் படுவதற்கு முன் மரமே படுகிறது.

பெருங்கப்பல் கரையை அணுகுவதில்லை. தீவைச் சூழ்ந்துள்ள பவளத் திட்டில் மோதும் அச்சத்தால் அது புறக்கடலில் நின்றுவிடும். அதன் பக்கவாயிலைத் திறக்கச் சிறு படகு வந்து ஒட்டி நிற்கும். அலையெழும்போது படகும் எழும், தாழும்போது தாழும். இரண்டும் ஒரே மட்டத்திற்கு வரும் நொடியில் மாலுமிகள் இருபுறமும் கைபிடித்துப் பயணியைப் படகினுள் இறக்கிவிடுவர். தயங்குவோரைத் திட்டுவதுமில்லை, விரைவோரை விடுவதுமில்லை. கடலின் நேரத்திற்கு மனிதன் இசைய வேண்டும் என்னும் முதற்பாடம் இங்கே கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் இவ்விறக்கம் அரிதாதலின், சுற்றுலாவும் அக்காலத்தில் நின்றுவிடும்.

பவளத் திட்டில் இயற்கையாக அமைந்த இடைவெளி வழியே படகு உள்ளே நுழைந்ததும் கடலின் நிறமே மாறிவிடும். கருநீலம் மறைந்து, கண்ணாடி போன்ற இளம்பச்சை நீர் விரியும். அலை அடங்கும். இதுவே காயல். இலட்சத்தீவுகளுள் பெரும்பாலானவற்றில் மேற்கே காயலும் கிழக்கே நிலமும் அமைந்திருக்கும். கரையில் இளநீருடன் வரவேற்பு. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்னும் முகமன் கேட்கும்போது நம் மாணவருக்கு அயலூர் என்னும் உணர்வு பாதி அகன்றுவிடுகிறது. தீவினருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். மினிக்காய் தவிர்த்த ஏனைய தீவுகளில் அவர்கள் பேசும் செசரி மொழி மலையாளத்தின் கிளையாதலால், செவியைக் கூர்மையாக்கிக் கேட்டால் தமிழருக்கும் பாதி விளங்கும்.

உயிர் கட்டிய ஊர்

பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளமே. தீவைத் தாங்கி நிற்பது அதனின் வேறானது. மன்னார் வளைகுடாக் கரையிலும் இலங்கையிலும் 'முருகைக்கல்' என வழங்குவது இதனையே. நுண்ணிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. அவை மடிந்தபின் அக்கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் அது மலையாகிறது. எரிமலைத் தீவு ஒன்று மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதனைச் சூழ்ந்த பவளத் திட்டு மட்டும் மேல்நோக்கி வளர்ந்து வளையமாக நிற்கும் என்னும் விளக்கத்தை 1842இல் வெளியிட்டவர் சார்லசு டார்வின். அவ்வளையத்தின்மேல் அலை ஒதுக்கிய மணலும் சிதைந்த முருகைக்கல்லும் சேர்ந்ததே தீவு.

அலை கொண்டுவந்ததை அலையே கொண்டுபோகவும் கூடும். 1847இல் வீசிய பெரும்புயல் கல்பேனியைச் சூறையாடியது. அன்று கடல் வாரியெறிந்த முருகைக் கற்குவியல் அத்தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் நெடிய மேடாக இன்றும் கிடக்கிறது.

பவளவுயிர் வெப்பத்தைத் தாங்காது. நீர் வழக்கத்தினும் சூடாகி நெடுநாள் நீடித்தால், தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை அது வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுக் கடலில் இவ்வெளிறல் நிகழ்ந்தது. திட்டு மடிந்தால் அலையைத் தடுப்பது யார்? அலை தடையின்றி நுழைந்தால் ஓரிரு மீட்டர் உயரமுள்ள நிலம் எத்தனை நாள் நிற்கும்? கண்ணாடித் தளப் படகில் அமர்ந்து வண்ணமீன்களைக் கண்டு வியக்கும் மாணவர், தாம் காண்பது அழகிய காட்சி மட்டுமன்று, அத்தீவின் மதிற்சுவர் என்பதையும் உணர்தல் வேண்டும்.

ஆழம் போனால் உப்பு

நம் பகுதி மாணவர் தீவில் முதலில் சென்று காணவேண்டியது கிணறே என்பது நம் துணிபு. காரணம் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும், கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை நாம் அறிவோம். நம் வீடுகளில் கிணறு தோண்டும் பேச்சு எழுந்தால் முதல் வினா, "எத்தனை அடி?" என்பதே. நூறடியில் நீர் இல்லையேல் முந்நூறு. முந்நூறில் இல்லையேல் ஆயிரம். ஆழம் போனால் நீர் என்பது நம் கணக்கு.

தீவின் கணக்கு நேர்மாறானது. அங்கு ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இச்சிறு வேறுபாடே பாலின்மேல் ஆடை நிற்பதுபோல் நன்னீரை மேலே நிறுத்துகிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கண்ணாடி வில்லை போலிருத்தலால் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தங்கும் என்பது டச்சு நாட்டு கைபெனும் செருமானிய எர்சுபெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையொட்டியும் கண்டுரைத்த ஏட்டுக் கணக்கு. ஆயின் தீவின் மணல் துளைகள் நிறைந்தது. ஏற்றவற்றம் நாள்தோறும் நன்னீரையும் உவர்நீரையும் கலக்குகிறது. ஆதலின் உண்மையில் குடிக்கத்தக்க நீர் சில மீட்டர் தடிப்பே உள்ளது.

இதன் விளைவு யாது? தீவுக் கிணற்றில் சில அடியிலேயே நீர் தெரியும். கடல் ஏறும்போது கிணற்று நீரும் ஏறும், இறங்கும்போது இறங்கும். ஒரு வாளி இறைத்தால் ஒரு வாளி ஊறும். ஆனால் மோட்டார் வைத்து விரைந்து உறிஞ்சினால், மேலே நன்னீர் ஓர் அடி குறைய, கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலேறிவிடும். இன்னும் ஆழமாகத் தோண்டினாலோ உப்பை நாமே அழைத்து வந்ததாக முடியும். ஒருமுறை உவர்ந்த கிணறு தெளிய நல்ல மழைக்காலங்கள் வேண்டும்.

சுற்றுலா முறையின் உட்பொருள் இங்கே விளங்குகிறது. பயணியர் இரவில் கப்பலில் தங்குவதால், குளியலும் துவையலும் கழிவும் பெரும்பகுதி தீவின்மேல் விழாமல் தப்புகின்றன. அறுபதாயிரவருக்கே அளவாக உள்ள நீரில் விருந்தினர் பங்கு கேட்பதாயின், அது சிறிதாக இருத்தலே அறம். 2024 சனவரியில் பிரதமர் இத்தீவுகளுக்குச் சென்று வந்தபின் நாடெங்கும் இலட்சத்தீவுச் சுற்றுலா பற்றிய ஆர்வம் பெருகியது. விடுதிகள் எத்தனை கட்டலாம் என்னும் வினாவுக்கு முன், கிணறு எத்தனை பேரைத் தாங்கும் என்னும் வினா கேட்கப்பட வேண்டும்.

கடலின் குளிரால் குடிநீர்

இவ்விடரைக் குறைக்கத் தமிழகத்திலிருந்தே ஒரு துணை சென்றது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில், நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இவ்வகை நிலையங்கள் எழுந்தன.

இதன் இயக்கம் மாணவர் அறியத்தக்கது. கடலின் மேல்நீர் ஏறத்தாழ 28 பாகை வெப்பமுடையது. காற்று அகற்றப்பட்ட கலத்தினுள் அழுத்தம் குறைவாதலால், அவ்வெப்பத்திலேயே நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடும், அடுப்பு வேண்டுவதில்லை. அவ்வாவியைக் குளிர்விக்க, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீர் குழாய் வழியே ஏற்றப்படுகிறது. குளிர்ந்த ஆவி நன்னீராகச் சொட்டுகிறது. கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாவது பவளத் தீவின் இயல்பாதலின், நீண்ட குழாயின்றி ஆழ்நீரை எட்ட முடிகிறது. தீவுக்கு அச்சம் தரும் ஆழமே தீவுக்குத் தாகமும் தீர்க்கிறது.

ஆயினும் எக்கிகளை இயக்க மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்திற்கான டீசல் நெடுங்காலமாகக் கப்பலிலேயே வந்து இறங்கியது. ஆகவே குழாய்நீர் வந்தபின்னும் கிணற்றின் மதிப்பு குறையவில்லை.

வெள்ளிச் சொத்தும் திங்கட் சொத்தும்

பிற்பகலில் ஊருக்குள் நடக்கும்போது சமூகப் பெரியவர்கள் ஆராயத்தக்க செய்தி ஒன்று கிடைக்கும். இத்தீவு முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடும்பமுறை நெடுங்காலமாக நிலவி வருகிறது. தாய்வழியில் வரும் தறவாட்டுச் சொத்தை 'வெள்ளியாழ்ச்சை'ச் சொத்து என்பர். அது பிரிக்கப்படாமல் பெண்வழியே செல்லும். ஒருவர் தாமே ஈட்டியது 'திங்களாழ்ச்சை'ச் சொத்து. அது ஷரீஅத் முறைப்படி பங்கிடப்படும். கிழமைப் பெயர் இரண்டைக் கொண்டு, முன்னோர் வழக்கையும் மார்க்க நெறியையும் ஒரே வீட்டில் இணங்கி வாழச் செய்த நுட்பம் போற்றத்தக்கது. மானிடவியல் அறிஞர் லீலா தூபே கல்பேனித் தீவை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது.

நம் கடற்கரை ஊர்களாகிய காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வதையும், மகளுக்கு வீடளிப்பதையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆடவர் திங்கள்கணக்கில் கடல்மேல் செல்லும் ஊர்களில், பெண்ணும் பிள்ளைகளும் தம் வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கும் ஏற்பாடு இது எனக் கருத இடமுண்டு. கல்பேனியில்தான் தீவுப் பெண்கள் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றனர் என்று நிருவாகத்தின் குறிப்புகள் பெருமையுடன் கூறுகின்றன.

தெற்கே தனித்திருக்கும் மினிக்காய் பிறை வடிவானது. அங்கு பேசப்படுவது மாலத்தீவு மொழியின் கிளையாகிய மகல். எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். 1885இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் அங்கு நிற்கிறது. தூண்டிற் கழியால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்துவர். அதுவே நம் கடற்கரை வீடுகளில் மணக்கும் மாசி.

விருந்தினர் கடமை

கி.பி. 1343இல் மாலத்தீவுகளில் இறங்கிய இப்னு பதூதா, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கிக் காழியாகவும் பணிபுரிந்தார். தமக்கு ஒவ்வாத சில உள்ளூர் வழக்கங்களை மாற்ற முயன்று இயலாமற்போனதை அவரே மறையாது எழுதினார். அங்கிருந்து இலங்கைக்கும், பின்னர் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கும் வந்தார். ஒன்றரை ஆண்டு தங்கிய அறிஞருக்கே இயலாததை, ஒரு பகல் தங்கும் நாம் செய்ய முற்படுதல் ஆகாது. விருந்தினர் பணி காண்பதும் கேட்பதுமே, தீர்ப்பளிப்பதன்று.

அக்கடமையைச் சில சொற்களில் உரைக்கலாம். முருகைக்கல்லை மிதித்தலும் ஒடித்தலும் கூடா. அதனை எடுத்துவருதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கொண்டுசென்ற நெகிழிப் புட்டியையும் உறையையும் கப்பலுக்கே திருப்பிக் கொண்டுவரல் வேண்டும். தீவில் குப்பைக்கு ஒதுக்குப்புறம் என ஓரிடம் இல்லை. வீடுகளையும் பெண்களையும் கேளாமல் படமெடுத்தல் தகாது. மது அங்கு விலக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குளிக்கும்போது குழாயை மூடுதல் வேண்டும்.

ஒரு பகல் போதுமா என்னும் வினாவுக்கு நம் விடை இது: ஊரை முழுதும் அறியப் போதாது, ஓர் உண்மையை அறியப் போதும். தீவினர் தம் நீரின் அடியைக் கண்ணால் காண்கின்றனர். ஒவ்வோர் ஏற்றத்திலும் வற்றத்திலும் கிணறு அவர்களுக்குக் கணக்குக் காட்டுகிறது. நம் நீரின் அடி நமக்குத் தெரிவதில்லை. துளை ஆழமாக ஆக நீர் மிகுதியாக உள்ளது என நாம் மயங்குகிறோமே தவிர, தொலைவாகப் போகிறது என எண்ணுவதில்லை. தீவில் உவர்நீர் செய்யும் எச்சரிக்கையை இங்கே எந்தக் கிணறும் செய்யாது. வெறுங்காற்று வரும் நாளன்றே நமக்குச் செய்தி வரும்.

மல்லசமுத்திரத்தார் தம் ஏரிக்குக் கடலின் பெயரை இட்டனர். அப்பெயருக்கு உரிய நீரை அதில் தேக்கி வைப்பதும், வரத்து வாய்க்காலைக் காப்பதும், ஆழத்தை நாடாமல் மழையை நாடுவதும் நம் தலைமுறையின் பொறுப்பாகும். தீவிலிருந்து திரும்பும் மாணவர் சிப்பிக்கும் முருகைக்கல்லுக்கும் மாற்றாக இவ்வெண்ணத்தைக் கொண்டுவருவாராயின், அவர் கடலில் கழித்த பகல் வீணானதன்று.